மூன்றாவது சிலிண்டரில் கத்தி வைத்த நாள்

பழைய கார் இன்ஜின் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிற தம்பிகளுக்கும், அந்த இரண்டு தங்கச்சிகளுக்கும் இதை எழுதுகிறேன்.

போன வாரம் உங்கள் பட்டறைக்கு வந்தேன் அல்லவா? டீ குடித்துக்கொண்டிருந்தபோது உங்களில் ஒருவர் போனில் பேசியது காதில் விழுந்தது. "மொத்தம் இவ்ளோதான் சார். அதுக்கு மேல ஒரு பைசா கேக்க மாட்டோம்." அந்த இன்ஜின் அப்போது வண்டியிலிருந்து கீழே இறங்கக்கூட இல்லை. அங்கேயே கூப்பிட்டுத் திட்டியிருப்பேன். விருந்தாளியாக வந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை.

திட்ட எனக்கு என்ன யோக்கியதை என்றால், அதே தப்பை நான் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அல்ல. சிலிண்டரை உள்பக்கமாகக் கடைகிற போரிங் மெஷின் முன்னால் முப்பது வருஷத்துக்கு மேல் நின்ற பிறகு, ஓய்வுக்கு இரண்டே வருஷம் இருக்கும்போது செய்தேன். அதனால் இதை வயசுக் கோளாறு என்று தள்ளவும் முடியாது.

எங்கள் பட்டறை பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகிற ரோட்டில் இருந்தது. முதலாளியம்மாதான் நடத்தினார். விலை பேசுவதிலிருந்து டீசல் வாங்குவது வரை எல்லாம் அவர் கையில். மெஷின் மட்டும் என் கையில். அனுப்பம்பட்டிலிருந்து சைக்கிளில் வந்து போவேன். வேலை பெரும்பாலும் படகு இன்ஜின்கள். உப்புத் தண்ணீரில் கிடந்து வருகிற டீசல் இன்ஜின்களுக்கு சிலிண்டரைப் பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போட்டுத் தருவோம். இப்படிப் பெரிதாக்குவதில் முதல் சைஸ், இரண்டாம் சைஸ் என்று படிப்படியாகப் போக வேண்டும். நாங்கள் அப்படிப் போகமாட்டோம். உப்பு எவ்வளவு ஆழம் தின்றிருக்கும் என்று மேலே பார்த்துச் சொல்ல முடியாது. முதல் சைஸுக்கு வெட்டினால் கீழே இன்னொரு குழி கிளம்பும். மறுபடி வெட்ட வேண்டும், மறுபடி பிஸ்டன் வாங்க வேண்டும். படகுக்காரர்களே சொல்லிவிடுவார்கள்: "கடைசி சைஸுக்கே போயிரு மேஸ்திரி. நடுவுல நின்னு இன்னா பண்ணப் போற?" படகு இன்ஜினில் சிலிண்டராக இருப்பது கழற்றி மாற்றக்கூடிய தடித்த உருளைதான். போனால் புதிதாக ஒன்று போட்டுக்கொள்ளலாம். அதனால் எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் கடைசி சைஸ் என்பது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. கை அதற்குப் பழகிவிட்டது என்பதுதான் விஷயம்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் தேசப்பன் வந்தார். கடலோரக் குப்பத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது சின்னவர். ஏரியில் எந்தக் குடும்பம் எந்த நாள் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று ஊர் முறை வைத்திருக்கிறது, அதற்குப் பாடு என்று பேர். தேசப்பன் குடும்பத்துக்கும் பாடு உண்டு. ஆனால் இரண்டு வருஷம் முன்னால் படகில் கயிறு சுற்றி இழுத்ததில் அவருடைய வலது கையில் மூன்று விரல்கள் மடங்காமல் போய்விட்டன. வலை இழுக்க முடியாது. ஸ்டியரிங் பிடிக்க முடியும்.

அவரிடம் ஒரு கார் இருந்தது. ரொம்பப் பழசு, சீமையிலிருந்து கப்பலில் வந்தது. அந்தக் காலத்தில் ஊரில் இருந்த டாக்டருடைய கார். தேசப்பனின் நைனாதான் அதற்கு டிரைவர். டாக்டர் சாகும்போது காரை டிரைவருக்கே எழுதி வைத்துவிட்டார். நைனாவும் போன பிறகு அது தென்னங்கீற்றுக் கொட்டகையில் பல வருஷம் நின்றது. இப்போது சென்னையில் கல்யாணத்துக்குப் பழைய கார்களை வாடகைக்கு விடுகிற ஒருவர் வந்து பார்த்துவிட்டு, தை பிறப்பதற்குள் காரை ஓட விட்டால் தேசப்பனையே டிரைவராக வைத்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு நிபந்தனை. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற இன்ஜின் நம்பரும் இன்ஜினில் இருக்கிற நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு இன்ஜின் மாற்றிய கார் அவருக்கு வேண்டாம். நம்பர் அடித்திருப்பது நாலு சிலிண்டரும் ஒரே வார்ப்பாக இருக்கிற பிளாக்கில். பிளாக் போனால் எல்லாம் போச்சு.

"பாட்டைத் தம்பிக்கு வுட்டுக் குடுத்துட்டேன் மேஸ்திரி," என்றார். "அவன் குடுத்ததுதான் இந்தக் காசு. இன்னா ஆவும்னு ஒரே பேச்சா சொல்லிடு. நடுவுல வந்து இன்னும் குடுன்னா என்னாண்ட இல்ல."

பட்டறையில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அவருடைய மடங்காத விரல்களைப் பார்த்தேன். கொஞ்சம் இரக்கம், நிறைய கர்வம். பழைய காராவது, புதுக் காராவது, நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின்தானே என்று ஒரு மொத்தத் தொகையைச் சொல்லிவிட்டேன். சிலிண்டர் வெட்டுவது, நாலு பிஸ்டன், ரிங், கிராங்க் தேய்ப்பது, ஹெட் மட்டம் பார்ப்பது எல்லாம் அதற்குள். முதலாளியம்மா என்னைப் பக்கவாட்டில் ஒரு பார்வை பார்த்தார். அவர் எப்போதும் திறந்து பார்க்க ஒரு தொகை, அளந்த பிறகு ஒரு தொகை என்று பிரித்துத்தான் சொல்வார். ஆளுக்கு முன்னால் என்னை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அன்றைக்குப் பேசாமல் இருந்துவிட்டார்.

மொத்தமாகத் தொகை சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? அதற்குப் பிறகு நீங்கள் செய்கிற ஒவ்வொரு சோதனையும் உங்கள் கையைக் கடிக்கும். பிளாக்கில் தண்ணீர் ஏற்றி அழுத்தம் கொடுத்து ஒழுகுகிறதா என்று பார்க்க ஒரு நாள் வேண்டும். அந்த ஒரு நாளுக்கு யார் கூலி கொடுப்பது? விட்டுவிட்டேன். விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது அரை நாள் வேலை. அதையும் விட்டுவிட்டேன். நான் சோம்பேறி இல்லை. ஆனால் எந்த வேலையைத் தவிர்க்கலாம் என்று மனசு தானாகவே தேட ஆரம்பித்துவிட்டது.

இன்ஜினைப் பிரித்துக் கழுவிய அன்று தேசப்பன் கூடவே இருந்தார். பிளாக்கின் பக்கவாட்டில் வால்வுகளை மூடுகிற ஒரு தகட்டு மூடி உண்டு. அதைக் கழற்றி உள்ளே இருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்ததும், மூன்றாவது சிலிண்டருக்கு நேராக இரும்பில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தன. பஞ்ச் என்கிற கூர்முனைக் கம்பியை வைத்துத் தட்டிய புள்ளிகள். ஒரு வட்டம், அதற்குள் இன்னொரு வட்டம்.

"இது இன்னா மேஸ்திரி?" என்றார்.

"கம்பெனி மார்க். எல்லாத்துலயும் ஏதாவது இருக்கும்."

"மத்த மூணுக்கும் இல்லியே?"

"இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா? உனக்கு கார் ஓடணுமா, கதை கேக்கணுமா?" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் கோபப்படவில்லை. புள்ளிகளை நல்ல விரலால் தடவிக்கொண்டே சொன்னார். "ஏரிக்குள்ள தண்ணிக்கு அடியில பழைய மரம், உடைஞ்ச படகு இன்னான்னா கெடக்கும். அதுல மாட்டி வலை கிழிஞ்சவன், அந்த எடத்துல ஒரு கழியை நட்டுட்டுப் போவான். தலையில ஒரு துணி கட்டி. அடுத்து வர்றவன் எந்த ஊர்க்காரனா இருந்தாலும் சரி, நம்மளோட சண்டை போட்டவனா இருந்தாலும் சரி. கழியைப் பாத்தா நாங்க சுத்திக்கினுதான் போவோம். யார் நட்டான்னு கேக்க மாட்டோம்."

"இது ஏரி இல்ல தேசப்பா, இன்ஜினு," என்று சொல்லிவிட்டுத் துடைப்பதைத் தொடர்ந்தேன். நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். வலை இழுத்த ஆள் பார்த்ததை, மெஷின் ஓட்டுகிற ஆள் பார்க்கவில்லை.

மூன்றாவது சிலிண்டர்தான் நாலில் மோசம். உள்ளே ஒரு பக்கமாகத் துரு படிந்து புள்ளி புள்ளியாக இருந்தது. கொட்டகையில் நின்ற வருஷங்களில் திறந்திருந்த வால்வு வழியாக ஏரிக்காற்று புகுந்திருக்கும். நான் அதைப் பார்த்த மாத்திரத்தில் உப்பு தின்றது என்று முடிவு கட்டினேன். கை தானாகக் கடைசி சைஸ் என்று எழுதிவிட்டது. அந்தக் காருக்கு அந்த சைஸ் பிஸ்டன் கடையில் கிடைக்காது. கோயம்புத்தூரில் ஒருவரிடம் சொல்லி நாலு பிஸ்டன் தனியாகச் செய்து வரவழைத்தோம். தேசப்பன் கொடுத்த பணத்தில் பெரும்பங்கு அதற்கே போனது. பிஸ்டன் கையில் வந்த பிறகுதான் சிலிண்டரை வெட்ட வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். சரிதான். ஆனால் எந்தப் பிஸ்டன் என்று முடிவு செய்வதற்கு முன்னால் சிலிண்டரின் சுவரைப் பார்க்க வேண்டும். அதை நான் செய்யவில்லை.

பிஸ்டன் வந்த மறுநாள் காலை, பிளாக்கை மெஷினில் ஏற்றினேன். மோசமான சிலிண்டரை முதலில் வெட்டுவதுதான் வழக்கம். அது எந்த சைஸில் சுத்தமாகிறதோ மற்றவற்றையும் அதே சைஸுக்குக் கொண்டு போகலாம். எனவே மூன்றாவதில் மையம் பார்த்து, கத்தியைப் பொருத்தி, மெஷினைப் போட்டேன். தேசப்பன் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவருடைய மனைவி கொடுத்தனுப்பிய இறால் வறுவல் தூக்குச்சட்டியில் இருந்தது. மத்தியானம் சேர்ந்து சாப்பிடுவதாகப் பேச்சு.

கத்தி மேல் விளிம்பில் இறங்கியது. இரும்புத் தூள் விழ ஆரம்பித்தது. நான் வேறு எதையோ எடுக்கத் திரும்பினேன். அப்போதுதான் சத்தம் காதில் பட்டது.

அதை எப்படிச் சொல்வது? பிளாக்கிலேயே கடைந்த சிலிண்டரை வெட்டும்போது சத்தம் கனமாக, அடக்கமாக வரும். படகு இன்ஜினில் உள்ளே செருகிய உருளையை வெட்டும்போது அந்தச் சத்தத்தில் ஒரு மெல்லிய கணீர் இருக்கும். வருஷக்கணக்காக நான் கேட்ட சத்தம் அது. இந்தக் காரின் இன்ஜினில் செருகிய உருளை கிடையாது. எந்தச் சிலிண்டரிலும் கிடையாது. ஆனால் கணீர் என்றது.

மெஷினை நிறுத்திவிட்டேன்.

வெட்டிக்கொண்டிருக்கும்போது பாதியில் நிறுத்துவது எங்கள் தொழிலில் செய்யக் கூடாத காரியம். நிறுத்திய இடத்தில் ஒரு படி விழுந்துவிடும். முதலாளியம்மா உள்ளேயிருந்து வந்துவிட்டார்.

"இன்னாத்துக்கு நிறுத்தின? கரண்டு போச்சா?"

"இல்லம்மா. சத்தம் மாறுது."

"சத்தம் மாறுனா இன்னா, அது பாட்டா பாடுது? பிஸ்டன் வந்து மேசை மேல உக்காந்திருக்குது. வெட்டி முடி கோதண்டம். படி வுழுந்த சிலிண்டரை வச்சிக்கினு இன்னா பண்ணுவ?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆரம்பித்ததை முடிப்பதுதான் சுலபம். பிஸ்டனும் ரெடி, ஆளும் பக்கத்தில், தையும் நெருங்குகிறது. பித்தானை அழுத்தினால் பத்து நிமிஷத்தில் அந்த சிலிண்டர் முடிந்துவிடும். என் விரல் பித்தான் மேல்தான் இருந்தது. சத்தம் என்பது வெறும் பிரமையோ, காது வயசாகிவிட்டதோ என்றெல்லாம் ஓடியது.

தேசப்பன் எழுந்து வந்தார். "வெட்டினா இன்னா ஆவும் மேஸ்திரி?"

"தெரியல," என்றேன்.

அத்தனை வருஷத்தில் ஒரு வாடிக்கையாளரிடம் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் சொன்ன பிறகு ஒன்று நடந்தது. பித்தான் மேலிருந்த விரல் தானாக விலகிவிட்டது. தெரியாது என்று வாய்விட்டுச் சொன்னவன் எப்படி வெட்டுவான்?

கத்தியை மேலே தூக்கினேன். பிளாக்கின் மேல் தளத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊற விட்டேன். துடைத்துக் காய வைத்து, சாக்பீஸ் தூளை மெல்லத் தூவினேன். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் மெதுவாக வெளியே கசிந்து வெள்ளைத் தூளில் கோடாகத் தெரியும். அரை நாள் ஆகும் என்று நான் தவிர்த்த சோதனை இதுதான். மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

கோடு வந்தது. அது விரிசல் இல்லை. மூன்றாவது சிலிண்டரைச் சுற்றி முழு வட்டம். தலைமுடி கனம்கூட இல்லை. வட்டத்துக்குள் வட்டம்.

யாரோ ஒருவர் அந்தச் சிலிண்டருக்குள் ஓர் உருளையைக் கடைந்து செருகியிருக்கிறார். நான் அந்த விளிம்பை நகத்தால் தடவிப் பார்த்தேன், தட்டுப்படவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன், தெரியவில்லை. மண்ணெண்ணெய்க்கு மட்டும்தான் அந்தச் சந்து தெரிந்தது. நானும் எத்தனையோ உருளைகள் செருகியவன். ஒன்றில்கூட இப்படி ஒரு பொருத்தம் எனக்கு அமைந்ததில்லை. அந்த உருளையின் கனம் ஒரு ரூபாய்க் காசின் கனம்தான். கடைசி சைஸுக்கு வெட்டியிருந்தால் பாதிதான் மிஞ்சியிருக்கும். அந்த மெல்லிசில் கத்தி அதைக் கவ்விக் கிழித்துக்கொண்டு போயிருக்கும்.

"இன்னாத்துக்கு இத்தப் போட்டான்?" என்றார் முதலாளியம்மா. குரல் இறங்கிவிட்டது.

அதைப் பார்க்க ஒரு வழி இருந்தது. சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிற அறைக்குப் பக்கவாட்டில் வட்டமான தகட்டு மூடிகள் உண்டு. மூன்றாவதற்கு நேரான மூடியைக் கழற்றி, துருவைச் சுரண்டி எடுத்து, பல் டாக்டர் வைத்திருப்பது மாதிரி சின்னக் கண்ணாடி ஒன்றை உள்ளே விட்டு, போன் விளக்கை அடித்தேன்.

சிலிண்டரின் வெளிச்சுவர் மேலிருந்து கீழாக வெடித்திருந்தது. அந்த வெடிப்பின் நெடுக, ஒன்றை ஒன்று லேசாகக் கடித்தபடி, வரிசையாக இரும்புத் திருகாணிகளின் முனைகள். வெடிப்பைத் தைத்திருக்கிறார்! சிலிண்டரின் உள்பக்கத்திலிருந்து ஒவ்வொரு துளையாகப் போட்டு, மரை வெட்டி, திருகாணியை இறக்கி, அடுத்த துளையை முந்தியதன் ஓரத்தைத் தொட்டுப் போட்டு, மொத்தம் பதினொன்று. அதற்கு மேல் அந்த உருளையைச் செருகியிருக்கிறார். இந்த முனைகள் தண்ணீர் அறைக்குள் இருக்கின்றன. எந்த மனுஷனும் ஆயுசுக்கும் பார்க்கப் போவதில்லை. ஆனால் பதினொன்றும் ஒரே இடைவெளி, ஒரே நேர்கோடு. இத்தனை வருஷம் சூடும் குளிரும் ஏறி இறங்கியும் ஒரு முனைகூட அசையவில்லை.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தில் பாதி, பிரமிப்பில் பாதி. முதலாளியம்மா கண்ணாடியை வாங்கிப் பார்த்துவிட்டு இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். கோயிலில்கூட அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

தேசப்பன் கடைசியாகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சொன்னார். "நான் சின்னப் பையனா இருந்தப்போ ஒரு மாசம் கார் ஊர்ல இல்ல. நைனா சரியா சோறு துன்னல. சூடா இருந்த இன்ஜின்ல ஏரித் தண்ணிய மொண்டு ஊத்திட்டாருன்னு அம்மா சொல்லும். அவசர கேசு, காருக்குள்ள புள்ளத்தாச்சி வலியில கெடந்திருக்கா. திரும்பி வந்தப்பறம் யார் சரி பண்ணாங்கன்னு கேட்டா, ஒருத்தன் பொழைக்க வச்சாண்டான்னு மட்டும் சொல்வாரு. பேரு அவருக்கே தெரியாது."

அப்புறம் எழுந்து போய், அந்த வால்வு மூடி இருந்த இடத்தில் குனிந்து, இரண்டு வட்டப் புள்ளிகளைக் காட்டினார். ஒரு தடவை நன்றாகத் திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்தப் பெயரில்லாத மனுஷர் தன் வேலையில் யார் கண்ணுக்கும் தடயம் விடவில்லை. ஆனால் அடுத்து கத்தியோடு வரப்போகிறவனுக்காக மட்டும் தலையில் துணி கட்டி ஒரு கழி நட்டுவிட்டுப் போயிருக்கிறார். நான் அதைத் துணியால் துடைத்துவிட்டு, கம்பெனி மார்க் என்றேன்.

இனி என்ன செய்வது? கத்தி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்தேன். கால் அங்குலத்துக்கும் குறைவு. பிஸ்டன் உச்சிக்கு வந்தாலும் அதன் முதல் ரிங் அந்த உயரத்துக்கு வராது. ரிங் ஓடுகிற பாதைக்கு மேலே நான் நிறுத்தியிருந்தேன். இன்னும் நாலு சுற்று விட்டிருந்தால் கதை வேறு. அந்தப் படி அங்கே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

அடுத்தது துரு. இப்போது ஒழுங்காக அளந்து பார்த்தால் அது மேல்தோல்தான். உப்பு தின்ற குழி இல்லை. சாணைக்கல் வைத்து லேசாகத் தேய்த்தாலே முக்கால்வாசி போய்விடும். மிச்சம் இருக்கிற ஒன்றிரண்டு புள்ளிகளால் குடி முழுகிவிடாது. நாலு சிலிண்டரையும் இருக்கிற சைஸிலேயே விட்டு, காரோடு வந்த பழைய பிஸ்டன்களைச் சுத்தம் செய்து, புது ரிங் மட்டும் போட்டால் போதும். முதலிலேயே அளந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன். மொத்தச் செலவு நான் சொன்னதில் பாதிகூட வந்திருக்காது.

அதைத் தேசப்பனிடம் சொல்ல வேண்டியிருந்தது. தம்பிகளே, வெட்டுவதைவிட இதற்குத்தான் தைரியம் வேண்டும். "உன் காசுல வாங்கின அந்த நாலு பிஸ்டனும் வேஸ்ட். தப்பு என்னுது. அளக்காம சொல்லிட்டேன்," என்றேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் முதலாளியம்மா முந்திக்கொண்டார். "பிஸ்டன் காசு உனுக்குத் திரும்பி வரும் தேசப்பா. பட்டறை சொன்ன வார்த்தைக்குப் பட்டறைதான் பொறுப்பு." என் பக்கம் திரும்பி, "இனிமே எவனாவது வந்து ஒரே பேச்சா சொல்லுன்னா, வாயில கொழுக்கட்டையை வச்சிக்கோ," என்றார். அந்த மாசக் கூலியில் பாதியை நான் வாங்கவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை.

தேசப்பன் கேட்டது ஒன்றே ஒன்று. "பிளாக் பொழைக்குமா?"

இந்தத் தடவை சோதித்துவிட்டுத்தான் பதில் சொன்னேன். பிளாக்கில் தண்ணீர் ஏற்றி, அழுத்தம் கொடுத்து, மீட்டர் முள் அசைகிறதா என்று மறுநாள் மத்தியானம் வரை பார்த்தோம். முள் நின்ற இடத்திலேயே நின்றது. நான் சாய்ந்து உட்கார்ந்து அந்த இறால் வறுவலைச் சாப்பிட்டது அப்போதுதான். முந்தின நாள் அதைத் தொட யாருக்கும் தோன்றவில்லை. முதலாளியம்மா வீட்டு ஃபிரிட்ஜில் கிடந்து ஜில்லென்று இருந்தது. தேசப்பன் பாதிக்கு மேல் என் தட்டிலேயே தள்ளினார்.

இப்போதெல்லாம் உங்களிடம் சுவரின் கனத்தை வெளியிலிருந்தே சொல்கிற கருவி இருக்கிறது. ரொம்ப நல்லது. எனக்கு அன்று அது இருந்திருந்தால் வாங்கிக் கும்பிட்டிருப்பேன். ஆனால் ஒன்று. அந்தக் கருவியை எடுப்பதற்கு அரை மணி நேரம் ஆகும், அந்த அரை மணிக்குக் கூலி யார் கொடுப்பார்கள் என்று உங்கள் மனசு கேட்கும். மொத்தத் தொகை சொல்லிவிட்டு வந்தவன் மனசு நிச்சயமாகக் கேட்கும். அதனால் விலையைப் பிரித்துச் சொல்லுங்கள். கழற்றிக் கழுவி அளப்பதற்கு இவ்வளவு. அளந்த பிறகு என்ன செய்யலாம், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று அப்போது சொல்கிறோம் என்று சொல்லுங்கள். சில பேர் எழுந்து போய்விடுவார்கள். போகட்டும். செய்யாமல் விட வேண்டிய வேலை எது என்று கண்டுபிடிப்பதும் நம் வேலைதான், அதற்கும் கூலி கேட்கலாம்.

இன்ஜினைக் கோக்கிற அன்று வால்வு மூடியைப் போடுவதற்கு முன்னால் பஞ்சையும் சுத்தியையும் எடுத்தேன். அந்த இரண்டு வட்டங்களைப் புதிதாகத் தொடவில்லை, தொட எனக்கு அருகதை இல்லை. வட்டத்தின் மேல் விளிம்பில், பக்கத்தில் ஒரு சின்னக் கோடு மாதிரி மூன்று புள்ளிகள் வைத்தேன். இங்கே ஒருவன் கத்தியை இறக்கினான், இந்த அளவில் நிறுத்தினான் என்று அர்த்தம். என் தப்பை என் கையாலேயே அடித்து வைத்தேன். தேசப்பன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டாவது கழி," என்றார்.

கார் தைக்கு நாலு நாள் முன்னால் ஓடியது. சென்னைக்காரர் வந்து நம்பரை டார்ச் அடித்துப் படித்து, ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் பார்த்து, தேசப்பன் கையில் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். தேசப்பன் அதை மடங்காத விரல்களாலேயே வாங்கினார்.

அந்த இன்ஜின் என்றைக்காவது உங்கள் பட்டறைக்கு வரலாம். வந்தால் பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பாருங்கள். வட்டங்களும் இருக்கும், என் மூன்று புள்ளிகளும் இருக்கும். நீங்கள் எதையாவது செய்தால், நல்லதோ கெட்டதோ, அதையும் பக்கத்தில் அடித்து வையுங்கள். பெயர் போட வேண்டாம்.

போன முகூர்த்த நாளில் அனுப்பம்பட்டு ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட்டுக்கு இந்தப் பக்கம் பால் பாக்கெட்டோடு நின்றிருந்தேன். மல்லிகைச் சரமும் ரோஜாவுமாக அந்தக் கார் வந்து எனக்குப் பக்கத்தில் நின்றது. பின்சீட்டில் மாலையும் கழுத்துமாகப் பெண்ணும் மாப்பிள்ளையும். தேசப்பன் என்னைப் பார்த்துச் சிரித்தார். இன்ஜினை அணைக்கவில்லை. வேண்டுமென்றேதான் அணைக்கவில்லை, எனக்குத் தெரியும். நான் குனிந்து பானட் பக்கம் காதை வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மறுபடியும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ரயில் போய், கேட் திறந்து, பின்னால் நின்ற பஸ் ஹாரன் அடிக்கிற வரைக்கும் கேட்டேன். அதில் மூன்றாவது எது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.